எலும்பிலிருந்து ஒரு பெயர்

மனித உடலில் கடைசியாக அழிவது எலும்பும் பல்லும்தான். சென்னையைப் போல வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊரில் திறந்தவெளியில் கிடக்கும் உடல், சில வாரங்களில் வெறும் எலும்பாகிவிடும். முகம், கைரேகை, மச்சம், தழும்பு என்று அடையாளத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் எதுவும் அப்போது மிஞ்சாது. இறந்தவர் யார் என்பதை அந்த நிலையில் உறுதியாகச் சொல்லக்கூடியது, பெரும்பாலும் எலும்புக்குள் தங்கியிருக்கும் டி.என்.ஏ.தான். அதை வெளியே எடுக்க வேண்டும், படிக்க வேண்டும், உறவினரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால்தான் எலும்புக்கு ஒரு பெயர் கிடைக்கும். முதல் இரண்டு வேலைகளில் அறிவியல் கடந்த 35 ஆண்டுகளில் வெகுதூரம் வந்துவிட்டது. மூன்றாவதில் இந்தியாவும் இலங்கையும் இன்னும் பின்தங்கியே நிற்கின்றன.

எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியத் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். உயிருள்ள எலும்பில், இந்தத் தாதுவுக்கு நடுவே உள்ள கண்ணுக்குத் தெரியாத குழிகளில் எலும்பு செல்கள் குடியிருக்கின்றன. இறந்தபின் செல் உடைந்து, அதன் டி.என்.ஏ. வெளியே கசிகிறது. டி.என்.ஏ.வில் எதிர் மின்னூட்டம் உண்டு; கால்சியத்தில் நேர் மின்னூட்டம் உண்டு. அதனால் கசிந்த டி.என்.ஏ. அங்கேயே தாதுவோடு ஒட்டிக்கொள்கிறது. தசையைச் சில நாட்களில் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள், இந்தக் கெட்டியான தாதுவுக்குள் நுழையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன.

ஆனாலும் காலம் செல்லச் செல்ல டி.என்.ஏ. சிதைந்துகொண்டுதான் இருக்கும். நீர் அதன் இழையை அறுக்கிறது. ஆக்ஸிஜன் அதன் எழுத்துகளை, அதாவது இழையில் வரிசையாக நிற்கும் வேதி அலகுகளை, கெடுக்கிறது. வெப்பம் இரண்டையும் விரைவுபடுத்துகிறது. உயிருள்ள செல்லில் கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீண்ட இழையாக இருப்பது, பழைய எலும்பில் 100 எழுத்துகூட இல்லாத துணுக்குகளாக நொறுங்கிக் கிடக்கும். இதில் வயதைவிட இடமே முக்கியம். ஸ்பெயினில் குளிர்ந்த குகை ஒன்றில் கிடந்த, 4 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான எலும்பிலிருந்தே டி.என்.ஏ. எடுத்திருக்கிறார்கள். கோடையில் வெடித்து மழையில் ஊறும் நம் ஏரி மண்ணிலோ, சில ஆண்டுகள் கிடந்த எலும்பே ஆய்வகத்தைத் திணறடிக்கும். மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் எலும்புக்குள் ஊறி, பின்னால் செய்யும் பரிசோதனையையே முடக்கிவிடுவதும் உண்டு. தீயும் பெரிய எதிரி. மின்மயானத்தில் எரிந்து வெள்ளைவெளேரென்று ஆகிவிட்ட அஸ்தியிலிருந்து டி.என்.ஏ. கிடைப்பது மிக அரிது. கருகிக் கறுத்த எலும்பில் வாய்ப்பு உண்டு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தபோது, அடையாளம் தெரியாமல் எரிந்துபோன உடல்களில் பெரும்பாலானவற்றுக்கு டி.என்.ஏ. வழியாகத்தான் பெயர் கிடைத்தது.

டி.என்.ஏ.வுக்கு முந்தைய காலத்தில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதற்குச் சென்னையிலேயே புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 1952-ல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கில், தலையில்லாத உடல் ரயில் பெட்டியிலும் தலை ராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தன. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள் காதில் குத்திய துளைகள், பல்வரிசை போன்றவற்றை வைத்து, இறந்தவர் யார் என்பதை நிறுவினார்கள். பின்னாளில் தமிழகத் தடய அறிவியல் ஆய்வகத்தை வழிநடத்திய பி.சந்திரசேகரன், காணாமல்போனவரின் புகைப்படத்தின் மீது மண்டையோட்டின் படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறையில் பெயர் பெற்றவர். இரண்டு முறைகளுமே நுட்பமானவை. ஆனால் இரண்டுக்கும் முழுத் தலையோ மண்டையோடோ வேண்டும். ஒரு தொடை எலும்பு மட்டும் கிடைத்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தில் லால்ஜி சிங் 1988-ல் அதற்கான சொந்த முறையை உருவாக்கினார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உடல் பாகங்களை அடையாளம் காண அவருடைய உதவி நாடப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து முறைக்கு நீளமான, சேதமில்லாத டி.என்.ஏ. தேவைப்பட்டது. எலும்பின் கதவைத் திறந்தது பி.சி.ஆர். தொழில்நுட்பம். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான அதே பி.சி.ஆர்.தான். மிகக் கொஞ்சமாக இருக்கும் டி.என்.ஏ.வின் தேவையான பகுதியை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாக அது பெருக்கித் தரும். பழைய எலும்பின் டி.என்.ஏ.வை இப்படிப் பெருக்க முடியும் என்று 1989-ல் எரிகா ஹேகல்பெர்க் குழுவினர் காட்டினார்கள். அதே ஆண்டு வேல்ஸின் கார்டிஃப் நகரில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் கம்பளத்தில் சுருட்டிப் புதைக்கப்பட்டிருந்த சிறுமியின் எலும்புக்கூடு கிடைத்தது. அவள் காணாமல்போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹேகல்பெர்க்கும் ஜெஃப்ரீஸும் அவளுடைய எலும்பின் டி.என்.ஏ.வைப் பெற்றோரின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, 1991-ல் அடையாளத்தை உறுதிசெய்தார்கள். எலும்பு டி.என்.ஏ. ஒரு கொலை வழக்குக்கு உதவிய தொடக்கம் அது.

இன்று திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி போன்ற பகுதிகளில், ஏரிக்கரையிலோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் குழியிலோ மனித எலும்பு கிடைத்தால் என்ன நடக்கும்? அந்தப் பகுதிக் காவல் நிலையம் சந்தேக மரணமாக வழக்குப் பதிவுசெய்யும். புதைத்த உடலைத் தோண்டுவதென்றால் தாசில்தார் முன்னிலையில் தோண்ட வேண்டும். எலும்பு முதலில் அரசு மருத்துவமனையின் தடயவியல் மருத்துவரிடம் போகும். அது மனிதருடையதா, ஒருவருடையதா பலருடையதா, ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, என்ன உயரம், காயத்தின் தடம் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர் பார்ப்பார். இந்த முதல் கட்டத்தை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 30 வயதுப் பெண் என்று தெரிந்தாலே, காணாமல்போனவர் பட்டியலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம்.

இந்தக் கட்டத்தில் நேரும் சில தவறுகளைப் பிறகு எந்த ஆய்வகத்தாலும் சரிசெய்ய முடியாது. எலும்பைத் தண்ணீரில் கழுவக் கூடாது. வெறும் கையால் தொடக் கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து, மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ.வும் போய்விடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைப்பதே முறை. பிறகு முத்திரையிட்டு, நீதிமன்றத்தின் கடிதத்தோடு, மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறையின் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். 1849-ல் விஷங்களைக் கண்டறியும் வேதியியல் ஆய்வகமாகத் தொடங்கிய இந்தத் துறைதான் இந்தியாவிலேயே பழமையான தடய அறிவியல் அமைப்பு.

ஆய்வகத்தில் முதல் முடிவு, எந்த எலும்பை எடுப்பது என்பது. எல்லா எலும்பும் ஒன்றுபோல் இல்லை. உள்காதைச் சுற்றியிருக்கும் எலும்பே மனித உடலில் மிகக் கெட்டியானது; பல நூற்றாண்டு பழைய எலும்புக்கூட்டில்கூட டி.என்.ஏ. மிஞ்சியிருக்கும் இடம் அது. ஆனால் மண்டையோட்டை வெட்டினால் மற்ற ஆய்வுகளுக்கு அது உதவாமல் போகும். அதனால் சேதமில்லாத கடைவாய்ப் பல் இருந்தால் அதையும், இல்லையென்றால் தொடை எலும்பின் நடுத்தண்டையும் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். பல்லுக்கு எனாமல் கவசம் உண்டு. ஈறுக்குள் இருக்கும் வேரில்தான் டி.என்.ஏ. அதிகம். பாதத்தின் சிறு எலும்புகளும் எதிர்பார்ப்பதைவிட நன்றாக டி.என்.ஏ. தருகின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. விலா எலும்பு பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

அடுத்தது சுத்தம் செய்வது. எலும்பின் மேற்பரப்பில் மண்ணின் பாக்டீரியா இருக்கும். தோண்டியவர், தொட்டவர், மேலே குனிந்து பேசியவர் என எல்லோருடைய டி.என்.ஏ.வும் இருக்கும். எலும்பில் இருப்பது மங்கிப்போன, துணுக்கான டி.என்.ஏ. தொட்டவருடையதோ புத்தம் புதியது. பி.சி.ஆர். இரண்டில் புதியதைத்தான் முதலில் பெருக்கும். எனவே மேற்புறத்தைச் சுரண்டி எடுத்து, பிளீச்சிங் கரைசலில் நனைத்து, புற ஊதாக் கதிரில் காட்டுவார்கள். வேலை செய்பவர் உடல் முழுதும் மூடிய உடையில் இருப்பார். ஆய்வகப் பணியாளர்களின் டி.என்.ஏ. விவரமும் பதிவில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும். எலும்பே போடாத வெறும் குழாய் ஒன்றையும் கூடவே எல்லாக் கட்டங்கள் வழியாகவும் கொண்டுபோவார்கள். அதில் ஏதாவது டி.என்.ஏ. தென்பட்டால் அந்தச் சுற்று முழுவதும் செல்லாது.

பிறகு பொடியாக்குவது. சாதாரணத் துளைப்பானின் வேகச் சுழற்சியில் எழும் சூட்டிலேயே டி.என்.ஏ. சிதையும். அதைத் தவிர்க்க, மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனில் எலும்பை உறையவைத்து அரைக்கிறார்கள். அந்தக் குளிரில் எலும்பு கண்ணாடியைப் போல நொறுங்கி மாவாகிவிடும். அரை கிராமிலிருந்து ஒரு கிராம் பொடி பெரும்பாலும் போதும். முன்பு இதைவிடப் பல மடங்கு தேவைப்பட்டது.

இனிதான் மையமான வேலை. தாதுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் டி.என்.ஏ.வை விடுவிக்கத் தாதுவையே கரைக்க வேண்டும். அதற்குப் பயன்படுவது இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள். ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும்போது ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் காப்பதும் இதுதான். கால்சியத்தைப் பற்றிக்கொண்டு விடாது. முன்பு பல ஆய்வகங்கள் எலும்புப் பொடியை இ.டி.டி.ஏ.வில் கழுவி, அந்தக் கழுவுநீரைக் கொட்டிவிட்டு, மீதிப் பொடியில் மட்டும் டி.என்.ஏ.வைத் தேடின. கொட்டிய நீரோடு டி.என்.ஏ.வின் ஒரு பங்கும் போய்க்கொண்டிருந்தது. 2007-ல் அமெரிக்க ராணுவ டி.என்.ஏ. ஆய்வகத்தின் ஒடில் லோரெய் குழுவினர், எதையும் கொட்டாமல் பொடி முழுவதையும் கரைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். கொரியப் போரிலும் உலகப் போரிலும் இறந்த வீரர்களின் எலும்புகளுக்குப் பெயர் தேடிய ஆய்வகம் அது. எளிய மாற்றம்தான். ஆனால் அதற்கு முன் எதுவுமே தராத எலும்புகள் அதன்பின் விடை தரத் தொடங்கின.

கரைசலோடு புரோட்டினேஸ் கே என்ற நொதியைச் சேர்த்து, 56 டிகிரி வெப்பத்தில் இரவு முழுதும் குலுக்கிக்கொண்டே வைப்பார்கள். கொலாஜனும் செல்லின் மிச்சப் புரதங்களும் அதில் சீரணமாகிவிடும். அடுத்து, இந்தக் கலவையைச் சிலிகா படலத்தின் வழியே செலுத்துவார்கள். தகுந்த உப்பு இருந்தால் டி.என்.ஏ. சிலிகாவில் ஒட்டிக்கொள்ளும், ஹியூமிக் அமிலம் போன்ற அழுக்குகள் கழுவப்பட்டு வெளியேறும். கடைசியில் சில துளி நீர் மிஞ்சும். தேடிய டி.என்.ஏ. இருப்பது அதில்தான். அதில் மனித டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது, எந்த அளவுக்கு நொறுங்கியிருக்கிறது என்று அளந்தபிறகே அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

படிப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது எஸ்.டி.ஆர். என்ற முறை. நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் நான்கைந்து எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் தாயிடமிருந்தும் ஓர் எண் தந்தையிடமிருந்தும் வருகிறது. இன்றைய பரிசோதனைகள் இப்படி 20-க்கும் மேற்பட்ட இடங்களை ஒரே நேரத்தில் படிக்கின்றன. அத்தனை எண்களும் பொருந்தும் இன்னொருவர், ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, கிடைப்பது நடைமுறையில் சாத்தியமில்லை. துணுக்குகள் மிகச் சிறியதாக இருந்தால், அவற்றுக்கு ஏற்பச் சுருக்கிய குறும் எஸ்.டி.ஆர். முறை கைகொடுக்கும்.

அதுவும் பலிக்காதபோது, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை நாடுகிறார்கள். 16,569 எழுத்துகள் மட்டுமே கொண்ட இந்தச் சிறு வளையம், ஒரு செல்லில் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருக்கும். அதனால் மற்றவை அழிந்தபின்னும் இது மிஞ்சும். தாய்வழியாக மட்டும் வருவது இது. இறந்தவரின் தாய், அம்மாவைப் பெற்ற பாட்டி, பெரியம்மா, சித்தி, தாய்மாமன், உடன்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள் என எல்லோரிடமும் ஒரே வளையம் இருக்கும். அப்பாவுக்கும் அத்தைக்கும் வேறு. ஆண் எலும்பென்றால் ஒய் குரோமோசோமைப் படித்து, அப்பா, சித்தப்பா, பெரியப்பா, அவர்களின் மகன்களோடு ஒப்பிடலாம். இந்த இரண்டும் ஒரு வம்சத்தைக் காட்டுமே தவிர, ஒரே ஒரு ஆளைக் காட்டாது.

ஒப்பிடுவதில் தமிழ்க் குடும்பங்களில் எதிர்ப்படும் ஒரு சிக்கலும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் திருமணம் செய்த குடும்பங்களில், உறவினர்களுக்குள் டி.என்.ஏ. ஒற்றுமை சாதாரணமாக எதிர்பார்ப்பதைவிட அதிகம். தொலைவு உறவினரை நெருங்கிய உறவாகத் தவறாகக் கணக்கிட அது வழிவகுக்கும். குடும்ப மரத்தைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் கணக்குப் போட்டால் விடை பிசகும்.

எவ்வளவு சுத்தமான டி.என்.ஏ. கிடைத்தாலும், ஒப்பிட ஆள் இல்லையென்றால் அது வெறும் எண்களின் வரிசைதான். பஞ்சாபின் அஜ்னாலா கிணறு இதற்குத் தெளிவான சான்று. 1857-ல் லாகூர் அருகே கலகம் செய்து தப்பிய 26-ஆம் வங்கக் காலாட்படையின் 282 வீரர்கள், ஆங்கில அதிகாரி ஃபிரெடெரிக் கூப்பரின் உத்தரவால் கொல்லப்பட்டு அந்தக் கிணற்றில் தள்ளப்பட்டதாகப் பதிவுகள் கூறின. 2014-ல் கிணற்றைத் தோண்டியபோது எலும்புகள் குவியலாக வந்தன. அவர்கள் பஞ்சாபிகளா, பிரிவினையில் இறந்தவர்களா என்று விவாதம் எழுந்தது. சி.சி.எம்.பி. உள்ளிட்ட நிறுவனங்கள் 50 பற்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும், 85 பற்களின் ஐசோடோப்புகளையும் ஆராய்ந்து, அவர்கள் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் என்று 2022-ல் அறிவித்தன. மகத்தான வேலைதான். ஆனால் அந்த 282 பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடைக்கவில்லை.

விமான விபத்தில் நிலைமை நேர்மாறு. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமல்போனது. ஒரு மாதம் கழித்துக் கடலூர் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. உடன் கிடைத்த எலும்புகள் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போயின. அங்கே யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்வியே இல்லை. மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. ஏரிக்கரையில் கிடைக்கும் எலும்புக்கு அப்படியொரு பட்டியல் கிடையாது. காணாமல்போனவர்களின் குடும்பங்களிடம் முன்கூட்டியே டி.என்.ஏ. மாதிரி வாங்கி ஓரிடத்தில் சேமித்து வைத்தால் மட்டுமே அதற்கு விடை கிடைக்கும்.

இந்தியாவில் அதற்கான சட்டம் இன்னும் வரவில்லை. அடையாளம் தெரியாத உடல்களுக்கு டி.என்.ஏ. பதிவு வேண்டும் என்று லோக்நீதி அறக்கட்டளை 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் வரப்போகிறது என்ற அரசின் உறுதியை ஏற்று, 2018-ல் அந்த வழக்கு முடித்துவைக்கப்பட்டது. காணாமல்போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத இறந்தவர்களுக்கும் தனித்தனிப் பதிவேடு வைக்க வழிசெய்த மசோதா 2019-ல் மக்களவையில் அறிமுகமாகி, 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. குடிமக்களின் டி.என்.ஏ. அரசின் கையில் குவிவதைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் குற்றவாளிப் பதிவேட்டையும் காணாமல்போனவர் பதிவேட்டையும் ஒரே சட்டத்தில் கட்டியதுதான் தவறு. மகனைத் தேடும் தாய் தானாக முன்வந்து தரும் மாதிரிக்குத் தனிச் சட்டம் இருந்திருந்தால், அதை எதிர்க்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது.

இந்த இடைவெளி இலங்கையில் இன்னும் கொடியது. 1996-ல் யாழ்ப்பாணத்தில் மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ராணுவச் சிப்பாய், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக 1998-ல் நீதிமன்றத்தில் கூறினார். 1999-ல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பிப்ரவரியில் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட, யாழ்ப்பாண நீதவானின் மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. செப்டம்பருக்குள் சுமார் 240 எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. ஒரு பள்ளிப் பையும், பொம்மையும், பால் புட்டியும் இருந்தன.

இத்தகைய புதைகுழியில் டி.என்.ஏ.வுக்கு முன் காலத்தைக் கணிக்க வேண்டும். 2018-ல் மன்னார் நகரில் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, அமெரிக்க ஆய்வகம் ஒன்று கார்பன் முறையில் ஆறு மாதிரிகளைச் சோதித்து, அவை 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று சொன்னது. செம்மணியில் பிளாஸ்டிக் பொருட்களும் காலணிகளும் எலும்புகளோடு கிடந்ததால் காலம் அவ்வளவு தொலைவில் இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது.

எஞ்சியிருப்பது பெயர். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-ல் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் ஏறக்குறைய 7,000 பேரை அடையாளம் காண முடிந்ததற்குக் காரணம், காணாமல்போனோருக்கான பன்னாட்டு ஆணையம் எலும்புகளுக்கு நிகராக உறவினர்களின் ரத்தத்தையும் திட்டமிட்டுச் சேகரித்ததுதான். 99.95 சதவீத உறுதி வராமல் அங்கே எந்தப் பெயரும் அறிவிக்கப்படவில்லை. ஓர் உடலின் பாகங்கள் பல குழிகளில் சிதறியிருந்த இடங்களில், ஒரே ஆளின் எலும்புகளை ஒன்றுசேர்த்ததும் டி.என்.ஏ.தான்.

உறவினர் மாதிரி எடுப்பது எலும்பிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளி ரத்தம் சிறப்புக் காகித அட்டையில் உலர்ந்துவிட்டால், குளிர்பெட்டிகூட இல்லாமல் பல ஆண்டுகள் இருக்கும். புதைகுழி தோண்டும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்கவும் கூடாது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோரில் பலர் இறந்துவிட்டார்கள். தாயும் தந்தையும் இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் எலும்பின் எண்களில் ஒன்று இவரிடமும் மற்றது அவரிடமும் இருந்தே தீர வேண்டும், கணக்கு நேரடியானது. இருவரும் போனபின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் சில இடங்களில் ஓர் எண்கூட ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதால், ஒருவர் போதாமல் இரண்டு மூன்று பேரின் மாதிரி தேவைப்படும். நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளை ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு ஒப்பிடும் இடத்தில், ஸ்ரெப்ரெனிட்சாவில் கேட்ட அளவு உறுதி இல்லாத கணக்கு தவறான வீட்டுக்குத் தவறான எலும்பை அனுப்பிவிடும்.